தப்பு பண்ணலன்னாலும் இத தெரிஞ்சு வச்சிக்கோ

பாப்பாவுக்கு அப்பா எழுதறது,

நேத்து போன்ல சிரிச்சிட்டே சொன்ன, "நாமதான் ஒரு தப்பும் பண்ணலியேப்பா, போலீஸ் கூப்பிட்டா என்ன பயம்"னு. வக்கீல் குமாஸ்தா பொண்ணு பேசற பேச்சா இது! தப்பு பண்ணவன் யாரு பண்ணாதவன் யாருன்னு பாக்கறது கோர்ட் வேலை, அதுக்கு வருஷக்கணக்காகும், அரசியல் சட்டத்தோட 22வது பிரிவு அதுக்கெல்லாம் முன்னாடி வர்ற மொத நாள பத்திதான் பேசுது. எதுக்கு புடிக்கறோம்னு சொல்லியாகணும், உனக்கு புடிச்ச வக்கீல பாக்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்.

அந்த 24 மணி நேரம் எப்ப ஆரம்பிக்குதுங்கறதுலதான் விளையாடுவாங்க. "சும்மா விசாரணைதான், உடனே அனுப்பிடறோம்"னு கூட்டிட்டு போய் ராத்திரி பூரா பெஞ்சுல உக்கார வச்சிட்டு மறுநாள்தான் அரெஸ்ட் காட்டுவாங்க. எங்க ஆபீசுக்கு வந்த ஒரு அரெஸ்ட் மெமோவுல, அதாவது புடிச்சப்ப போலீஸ் எழுதற குறிப்புல, பேரு, அட்ரஸ் எல்லாம் நீல மை, நேரம் எழுதற எடத்துல மட்டும் கருப்பு மை, அப்புறமா எழுதி சேத்த மாதிரி. எங்க சீனியர் வக்கீல் வேற எதையும் பேசல, அந்த ஒத்த வரியத்தான் ஜட்ஜுகிட்ட காட்டுனார். டி.கே. பாசு வழக்குல 1996லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, மெமோவுல தேதியும் நேரமும் இருக்கணும், வீட்டாள் இல்லன்னா அந்த ஏரியாவுல மதிப்பான ஒருத்தர் சாட்சி கையெழுத்து போடணும், புடிபட்டவங்களும் போடணும்னு. நேரம் காலியா இருந்தா நீ கையெழுத்து போடாத, அவ்ளோதான்.

பொம்பளைங்கள பொழுது சாஞ்சப்புறம் விடியறதுக்குள்ள அரெஸ்ட் பண்ணக்கூடாது, அவசரம்னா பெண் போலீஸ் எழுதி குடுத்து மாஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கணும். சாட்சியா விசாரிக்கணும்னா உன்ன ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, நீ குடியிருக்கற எடத்துக்கு அவங்கதான் வரணும், பிஎன்எஸ்எஸ்னு இப்ப இருக்கற குற்ற விசாரணை நடைமுறை சட்டத்துல 179வது பிரிவுல இருக்கு.

இதெல்லாம் சும்மா கெடச்சதில்ல. எமர்ஜென்சில, 1976ல, உள்ள புடிச்சு வச்சவங்களுக்காக ஆட்கொணர்வு மனு, அதாவது ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வாங்கன்னு கேக்கற மனு, போடக்கூட உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டுல நாலு ஜட்ஜுங்க சொல்லிட்டாங்க, எச்.ஆர். கன்னா ஒருத்தர்தான் ஒத்துக்க மாட்டேன்னு தனியா எழுதுனார், அதுக்கு கூலி அடுத்த வருஷம் அவர தாண்டி ஜூனியர தலைமை நீதிபதி ஆக்குனாங்க. அப்புறம் 1978ல 44வது திருத்தம் வந்து, எமர்ஜென்சியே போட்டாலும் குற்ற வழக்குல தண்டனை பத்தின பாதுகாப்பு தர்ற 20, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தர்ற 21, இந்த ரெண்டு பிரிவையும் நிறுத்தி வைக்க முடியாதுன்னு ஆச்சு.

ஆனா அதே 22லயே ஓட்டையும் வச்சிருக்காங்க, தடுப்புக்காவல்னா, அதாவது இனிமே தப்பு பண்ணிடுவான்னு முன்கூட்டியே புடிச்சு வச்சா, அந்த 24 மணி நேரம் கெடையாது. நம்மூர் குண்டாஸ் சட்டம் அப்படித்தான், விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். எத்தனை விளக்கம் சொன்னாலும் எனக்கு இது ஒப்பாது.

15100, இது இலவச சட்ட உதவி நம்பர், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு கூட பாக்க மாட்டாங்க. போன்ல சேவ் பண்ணிட்டேன்னு சொல்லாத, மனப்பாடம் பண்ணு, ஸ்டேஷன்ல மொதல்ல வாங்கி வைக்கறதே போனத்தான்.

அப்பா