நம்ம பட்டறை திருப்பணி முடிஞ்ச கணக்கு: உறுப்பினர்களுக்கு கமிட்டி சார்பா

எல்லாருக்கும் வணக்கம். மரவேலை செஞ்சுக்கிட்டே மனசு விட்டுப் பேசுறதுக்கான நம்ம பட்டறையோட புதுப்பிப்பு வேலை முடிஞ்சிடுச்சு. சொன்ன தேதிக்கு நாலு மாசம் லேட்டு, போட்ட எஸ்டிமேட்டையும் தாண்டிடுச்சு, ரெண்டையும் மறைக்கல. போன ரெண்டு கூட்டத்துல சில பேர் நேராவே கேட்டீங்க, சில பேர் வெளியில போய் பேசினீங்க, எல்லாம் எங்க காதுக்கு வந்துச்சு. அதனால வெறும் வரவு செலவு ஷீட்டை மட்டும் ஒட்டிட்டு போகாம, எந்த முடிவு எதுக்கு எடுத்தோம்னு எழுதிடலாம்னு கமிட்டியில பேசி செயலாளர் நான் எழுதுறேன்.

முதல்ல தகராறு இல்லாத வேலை. கூரை ஷீட் மாத்தியாச்சு, சுவர் பூசியாச்சு, ஒயரிங் புதுசு, டாய்லெட் ரெடி, வீல்சேர் ஏறுற மாதிரி வாசல்ல சரிவு போட்டாச்சு. மெஷினுக்கெல்லாம் கரண்ட் போய் திரும்ப வந்தா தானா ஓடாத சுவிட்ச் மாட்டியாச்சு.

இப்ப எல்லாரும் கேக்குற தூசி உறிஞ்சுற லைன் விஷயம். மொத்த லேட்டும் எக்ஸ்ட்ரா செலவுல பெரும்பகுதியும் இதுலதான். கான்ட்ராக்டர் கிட்ட ஒப்பந்தத்துல எழுதினது தகட்டுக் குழாய், வளைவெல்லாம் நீளமா, எர்த் பண்ணி. அவர் போட்டது தண்ணிக்கு போடுற பிளாஸ்டிக் பைப், ஒவ்வொரு மூலையிலயும் நேரா தொண்ணூறு டிகிரி எல்போ. சீலிங் மூடுறதுக்கு முன்னாடி நாங்க ஏறிப் பாத்திருக்கணும், பாக்கல, அது கமிட்டி தப்புதான், ஒத்துக்கிறோம். ஆனா அதுக்கப்புறம் எடுத்த முடிவுல தப்பில்ல, இத எங்க வேணும்னாலும் நின்னு சொல்லுவேன்.

ட்ரையல் ஓட்டின அன்னைக்கு மோட்டார் நல்லாதான் சத்தம் போட்டுச்சு, தரையில தூளும் இல்ல, எல்லாரும் கை தட்டினோம். நம்ம ரிட்டயர்டு லேப் டெக்னீஷியன் அண்ணன் மட்டும் ஒண்ணும் பேசாம பேச்சு மேஜை மேல ஒரு வெள்ளை பேப்பரை வச்சு, நாலு மூலையிலயும் ஆணிய வச்சு நிறுத்தினாரு. எம்.டி.எஃப். பலகைய, அதாவது மரநார பசை போட்டு அழுத்தின பலகைய, ஒரு மணி நேரம் அறுத்தோம். அப்புறம் பேப்பர் மேல வெரலால ஒரு கோடு இழுத்தாரு, கோடு பளிச்சுன்னு வெள்ளையா தெரிஞ்சுது, மத்த எடமெல்லாம் மாவு தூவின மாதிரி. மேஜை இருக்குறது ரம்பத்துலருந்து பதினஞ்சு அடி தள்ளி. அங்கதான் நாம உக்காந்து பேசுவோம், நம்மல்ல ரெண்டு பேர் இன்ஹேலர் இல்லாம வெளியில கெளம்புறதே இல்ல.

கண்ணுக்கு தெரியுற சுருளும் தூளும் பெரிய ஆபத்து இல்லீங்க, அது கீழ விழுந்துடும், கூட்டி அள்ளிடலாம். தெரியாத பொடிதான் மணிக்கணக்கா காத்துல நின்னு நுரையீரல் வரைக்கும் போறது. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லயே மரத்தூளை புற்றுநோய் உண்டாக்குறதுன்னு முதல் பிரிவுல வச்சிருக்கு. நேர் எல்போ ஒவ்வொண்ணுலயும் காத்தோட வேகம் செத்துப்போகும், குழாய்க்குள்ள தூள் தேங்கும், பிளாஸ்டிக்ல தூள் உரசி உரசி நிலைமின்சாரம் வேற ஏறும். அது போதாதுன்னு அவர் மாட்டின வடிகட்டிப் பை வேற முரடு, நைஸ் பொடி அதுக்குள்ள போய் திரும்ப ரூமுக்குள்ளயே வந்துச்சு.

கான்ட்ராக்டர் சொன்னது ஒரே பதில், பத்து எடத்துல இப்படித்தான் போட்டிருக்கேன், ஒருத்தரும் கேக்கலன்னு. மூணு தடவ உக்காந்து பேசினோம், ரெண்டு லெட்டர் குடுத்தோம், கடைசியா பேப்பரை அவர் முன்னாடியே வச்சு காட்டினோம். வளைவ மட்டும் மாத்துறேன்னாரு, குழாயை மாத்த மாட்டேன்னாரு. கடைசி தவணைய நிறுத்தி வச்சு வேற ஆளை விட்டு முழுசா கழட்டி தகட்டுல போட்டோம், நைஸ் வடிகட்டி மாட்டினோம். பாதிய ஒத்துக்கிட்டு முடிச்சிருக்கலாமேன்னு கேட்டவங்களுக்கு ஒரே பதில், மூச்சு விட முடியாத எடத்துல மனசு விட்டு பேச முடியாது. இப்பவும் வாரம் ஒரு தடவ அதே மேஜையில பேப்பர் வைக்கிறோம், தேதி போட்டு ஃபைல்ல இருக்கு, எடுத்துப் பாருங்க.

அடுத்து, உக்காந்து பேச ஒரு ரூமை தனியா பிரிக்கிற அந்த தடுப்புச் சுவர். நாற்காலிக்கும் கெட்டிலுக்கும் தனி ரூமா, அந்த எடத்துல இன்னும் ரெண்டு வொர்க் பெஞ்ச் போட்டிருக்கலாமேன்னு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. இந்த மாதிரி பட்டறை முதல்ல எப்படி வந்துச்சுன்னு பாத்தாலே விடை இருக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவுல கூல்வாங்குற ஊர்ல 1993ல வயசான ஆம்பளைங்களுக்குன்னு ஒரு ஷெட்ட ஆரம்பிச்சாங்க, 1998ல விக்டோரியாவுல டோங்காலாவுல மென்ஸ் ஷெட்டுங்குற பேரோடயே ஒண்ணு தொறந்துச்சு. 2007ல ஆஸ்திரேலியா முழுக்க ஒரு சங்கம், 2011ல அயர்லாந்துல, அப்புறம் பிரிட்டன்லயும். அவங்க திரும்பத் திரும்ப சொல்ற வார்த்தை தோளோடு தோள். ஆம்பளைங்க எதிரெதிரா உக்காந்து மனசு திறக்குறது கஷ்டம், பக்கத்துல நின்னு ஒரே கட்டைய இழைச்சிக்கிட்டே பேசுறது சுலபம். ஆரம்பிச்ச பேச்சு முடியறதுக்கு சத்தமில்லாத ஒரு எடம் வேணும், ரம்பம் ஓடும்போது காதுல மஃப் மாட்டிக்கிட்டு யாரு யாருகிட்ட என்ன சொல்றது?

உலக அளவுல தற்கொலையில சாகுற ஆம்பளைங்க பொம்பளைங்களவிட ரெண்டு மடங்குக்கு மேல. 2025ல உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கையில ஆறுல ஒருத்தருக்கு தனிமை பாதிப்புன்னு போட்டிருக்கு. இத படிச்சுட்டு எனக்கு ரெண்டு பெஞ்ச் குறைஞ்சது பெருசா தெரியல.

ஒரு அண்ணன் இருக்காரு, பேர் வேணாம். மனைவி தவறின பிறகு மகள் கூட்டிட்டு வந்து விட்டாங்க. முதல் ரெண்டு வாரம் வாசல் நிலையில சாஞ்சு நின்னுட்டு போயிடுவாரு. ஒரு நாள் கால் ஆடுற ஒரு முக்காலிய அவர் கையில குடுத்து பிடிச்சுக்கோங்கன்னு மட்டும் சொன்னோம். பிடிச்சாரு, அப்புறம் இது இப்படி ஒட்டினா நிக்காது, ஆப்பு அடிக்கணும்னு அவரே உளிய எடுத்தாரு. ஆப்பை சீவிச் சீவி, ஊதி ஊதி, கொட்டாப்புளியால மூணு தட்டு தட்டி உக்கார வச்சாரு. பசை காயுற நேரத்துக்கு அந்த தடுப்பு ரூம்லதான் உக்காந்தோம். வீட்ல ராத்திரி லைட்ட அணைக்கவே பயமா இருக்குன்னு அப்பதான் சொன்னாரு. ஒன்றரை மணி நேரம், யாரும் எழுந்து போகல. அந்த முக்காலி அதே ரூம்லதான் இருக்கு, உக்காந்து பாருங்க, அசையாது.

குடுத்தவங்கள சொல்லணும், பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால பேரில்லாமலே சொல்றேன், அவங்கவங்களுக்கு தெரியும். அப்பாவோட இழைப்புளி ஏழையும் எண்ணெய் துணியில சுத்தி கொண்டுவந்த டீச்சர் அம்மா, வைஸ் ரெண்டு குடுத்த ரிட்டயர்டு ஃபிட்டர், ஒயரிங்குக்கு கூலியே வாங்காத எலக்ட்ரீசியன் தம்பி, நாற்காலி ஆறும் குடுத்த கல்யாண மண்டபத்துக்காரர், முதலுதவி பெட்டியும் அத எப்படி பயன்படுத்துறதுன்னு ஒரு நாள் வகுப்பும் குடுத்த நர்ஸ் தங்கச்சி, காது மஃப் பன்னெண்டு குடுத்த ஃபேக்டரி சேஃப்டி ஆபீசர், தகட்டு வேலைக்கு பாதி கூலி மட்டும் வாங்கின அந்த ரெண்டாவது மேஸ்திரி, கணவரோட டூல் பாக்ஸ பூட்டோட குடுத்துட்டு சாவிய மட்டும் தன்கிட்டயே வச்சுக்கலாமான்னு கேட்ட அக்கா. சாவி அவங்ககிட்டதான் இருக்கு, பெட்டிய திறக்கணும்னா அவங்கதான் வருவாங்க, வந்தா ஒரு மணி நேரம் இருந்துட்டுத்தான் போவாங்க.

எக்ஸ்ட்ரா செலவ எப்படி கட்டினோம்னா, கடைசல் மெஷின் வாங்குறத அடுத்த வருஷத்துக்கு தள்ளிட்டோம், மீதிய மேல சொன்னவங்க தாங்கினாங்க. யாருகிட்டயும் கடன் இல்ல. கடைசல் மெஷினுக்காக காத்திருந்த நாலு பேருக்கு வருத்தம் இருக்கும், அது நியாயம்தான், அடுத்து வாங்குற பட்டியல்ல முதல் வரி அதுதான்னு கமிட்டி எழுதி வச்சிருக்கு.

கான்ட்ராக்டரோட கடைசி தவணை இன்னும் எங்ககிட்டதான் இருக்கு, மாத்தின செலவ கழிச்சுட்டு மீதி குடுக்குறோம்னு எழுதிக் குடுத்திருக்கோம், பதில் வரல. பில்லு, ரெண்டு லெட்டர் காப்பி, பேப்பர் ஃபைல் எல்லாம் உள்ள ரூம் அலமாரியில முதல் தட்டு. சந்தேகம் உள்ளவங்க வந்து புரட்டுங்க, நான் தினமும் சாயங்காலம் அங்கதான் இருப்பேன்.