செயலாளரின் ஆண்டறிக்கை: 2022–23 பனிக்காலம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவுக்குப் பிறகு கால்கரியிலுள்ள நமது சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கோடைக்கால மலைநடைகள், புதிய உறுப்பினர் வரவேற்பு, பொங்கல் ஒன்றுகூடல் எல்லாம் சிறப்பாக நடந்தன. அவற்றின் படங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

அறிக்கையின் பெரும்பகுதியைப் பனிக்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். சென்ற பனிக்காலத்தில் செயற்குழு பல நடைகளின் பாதையை மாற்றியது. சிலவற்றை முற்றிலும் ரத்து செய்தது. வானம் தெளிவாக இருந்தது, பனி கெட்டியாக இருந்தது, பனிச்சரிவு அபாய அளவும் இறங்கியிருந்தது, அப்படியிருக்க ஏன் திருப்பி அழைத்து வந்தீர்கள் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பொதுக்குழுவில் விளக்கமாகப் பதில் சொல்வது என் கடமை.

இந்தச் சிக்கல் 2022 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. இலையுதிர்காலம் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக நீண்டுகொண்டே போனது. மாதக் கடைசியில்தான் மலையில் தங்கும் அளவுக்குப் பனி விழுந்தது. நவம்பரில் விழுந்ததும் கொஞ்சம்தான். அந்த மெல்லிய படிவின் மேல் கடுங்குளிர் இறங்கியது. பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ −20க்கும் கீழே போகும். இவ்வளவு வேறுபாடு அரை மீட்டர் பனிக்குள் அடங்கும்போது, அடியிலிருந்து நீராவி மேலேறி வழியிலுள்ள பனித்துகள்களின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் இது நடக்கும் என்பது பனி ஆய்வாளர்களின் கணக்கு. ஒன்றையொன்று பற்றியிருந்த துகள்கள் பிடிப்பை இழந்து, கோணல்மாணலான பெரிய மணிகளாகிவிடும். டிசம்பர் மூன்றாம் வாரம் கால்கரியில் −30ஐத் தாண்டிய குளிர் நினைவிருக்கும். ஊருக்குள் நாம் கார்களை உயிர்ப்பிக்கப் பாடுபட்ட அந்த நாட்களில், மலையில் இந்த அடியடுக்கு மேலும் நலிந்துகொண்டிருந்தது. பிறகு வந்த பனியும் காற்றும் அதன்மேல் ஒரு கெட்டியான பலகையை ஏற்றி வைத்தன.

ஜனவரியில் கனனாஸ்கிஸ் பகுதியில் செஸ்டர் ஏரிக்குப் போகும் வழியில், மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு சாய்வில் பனிக்குழி தோண்டிப் பார்த்தோம். தோண்டியவர் முதல்நிலைப் பனிச்சரிவுப் பயிற்சியை அந்த மாதம்தான் முடித்திருந்த தங்கை ஒருவர். தரை தட்டும்வரை தோண்டி, குழியின் சுவரை ஷவலால் மழித்து நேராக்கினார். பிறகு மேலிருந்து கீழாகக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். மேல் அடுக்கில் மடக்கிய கைமுட்டி முழுவதும் புகுந்தது. அதற்குக் கீழே ஒற்றை விரல் மட்டும். இன்னும் கீழே பென்சில் முனைதான் இறங்கியது. நல்ல உறுதி என்று சுற்றி நின்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தரைக்குச் சற்று மேலே அவருடைய முட்டி மறுபடியும் முழுதாக உள்ளே போய்விட்டது. ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். கையுறையின் விரலிடுக்கு வழியே சீனி போலச் சரசரவென்று கொட்டியது. எவ்வளவு அழுத்திப் பிடித்தும் உருண்டையாகவில்லை. அளவுக்கட்டம் போட்ட அட்டையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது ஒவ்வொரு மணியிலும் வரிவரியாகக் கோடுகள் தெரிந்தன.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்தோம். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. தூண் அசையவில்லை. பலருக்கும் நிம்மதி. ஆனால் அதே தூணின் பின்புறம் ஷவலைச் செருகி மெதுவாக முன்னால் இழுத்ததும், மேலே இருந்த பலகை முழுவதும் ஒரே துண்டாக அந்த மணிகளின்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தட்டின் விசை அவ்வளவு ஆழத்துக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அடுக்கு பலமாக இருந்ததால் தூண் நின்றது என்று எண்ணியிருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும்.

நடைகளை மாற்றியதற்கான பதில் அந்தக் குழிக்குள் இருந்தது. ஆழத்தில் கிடக்கும் நலிந்த அடுக்கு நமக்குப் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. புதுப்பனியில் வரும் சிக்கல் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். இது வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் வசந்தம்வரைக்கும் காத்திருக்கும். ஒரே சாய்வில் பத்துப் பேர் பத்திரமாக இறங்கியிருக்கலாம். பதினோராவது ஆள் பாறை ஓரத்தில் பனி மெலிந்த இடத்தில் கால் வைக்க, சாய்வு முழுவதும் உடையலாம். அடிவாரச் சமதரையில் நடப்பவர்கூட மேலே இருக்கும் சாய்வை உடைத்துவிட முடியும். ஐந்து படிகள் கொண்ட அபாய அளவு இரண்டாவதான 'மிதமானது' என்ற நிலைக்கு இறங்கியபோதும் நாம் பாதையைத் தளர்த்தாததற்கு இதுவே காரணம். உடைவதற்கான வாய்ப்புக் குறைகிறது. உடைந்தால் வரும் விளைவு குறையவில்லை. எனவே பனிக்காலம் முழுவதும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் ஏறுவதில்லை, அத்தகைய சாய்வுக்கு அடியில் நிற்பதும் இல்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. பலகைப் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சாய்வுகளில்தான் நிகழ்கின்றன. அந்தச் சாய்வுகளை விட்டு விலகிவிட்டால், அடியடுக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற ஊகத்துக்கு நம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அனுபவமில்லாதவர்கள்தான் சிக்குவார்கள் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் காஸ்லோ அருகே பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த நெல்சன் நகரக் காவலர் இருவர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர். ரெவெல்ஸ்டோக், இன்வர்மியர் பகுதிகளில் தேர்ந்த வழிகாட்டிகளுடன் ஹெலிகாப்டரில் சென்றவர்களும் மாண்டார்கள். இவ்வாண்டின் பனிப்படிவு 2003ஆம் ஆண்டை ஒத்திருக்கிறது என்று பனிச்சரிவு முன்னறிவிப்பு வழங்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பு ஜனவரியிலேயே எச்சரித்தது. 2003 பனிக்காலத்தில் கனடாவில் 29 பேர் பனிச்சரிவில் இறந்தனர். அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில், நமது ஊருக்குத் தெற்கேயுள்ள ஒரு பள்ளியிலிருந்து சென்ற மாணவர்கள் ஏழு பேர் உயிரிழந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இந்தப் பிப்ரவரியோடு 20 ஆண்டுகள் ஆயின. அவர்களுக்காக மாதக் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். இன்று நாம் நம்பியிருக்கும் ஏற்பாடுகளில் பல அந்தத் துயரத்திலிருந்து வந்தவை. ரெவெல்ஸ்டோக்கைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பனிச்சரிவு மையம், அதாவது இன்றைய அவலாஞ்ச் கனடா, 2004இல் உருவானது. மலைப்பாதைகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று தரம் பிரிக்கும் முறையும் அதையொட்டியே வந்தது. பிள்ளைகளை மலைக்கு அழைத்து வரும் பெற்றோர், போகும் பாதையின் தரத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வருமாறு அன்போடு வேண்டுகிறேன்.

மேற்கு மலைகளைத் தாண்டி இறங்கும் வெதுவெதுப்பான சினூக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு வானில் அந்த மேக வளைவு தோன்றிவிட்டால் கால்கரி முழுவதும் உற்சாகமாகிவிடும். சில மணி நேரத்தில் 20 டிகிரிகூட ஏறிவிடுகிறது. உடனே "நாளை மலைக்குப் போகலாமா, அண்ணா?" என்று எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். ஊருக்கு இதமான அந்தக் காற்று, முகட்டின் மேற்குப் பக்கப் பனியை வாரி எடுத்துக் கிழக்குச் சாய்வுகளில் குவிக்கிறது. வானம் நீலமாக இருக்கும்போதே சாய்வில் பாரம் கூடிக்கொண்டிருக்கும். முகட்டிலிருந்து பனிப்புகை பறப்பது கண்ணில் பட்டால் அதைப் படமெடுங்கள். அதன் அடிவாரத்துக்குப் போகாதீர்கள்.

இனி, இந்த அறிக்கையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர்கள் மலையில் நிறையப் பார்க்கிறார்கள். பார்த்ததை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். அங்கேயே அது நின்றுவிடுகிறது. மாலைதோறும் வரும் முன்னறிவிப்பைத் தயாரிப்பவர்களுக்கு அந்தக் குழு தெரியாது. அவர்கள் படிப்பது மவுண்டன் இன்பர்மேஷன் நெட்வொர்க் என்ற பொதுப் பதிவேட்டை. யார் வேண்டுமானாலும் அதில் தகவல் பதியலாம், செயலியிலிருந்தே அனுப்பலாம், சில நிமிட வேலைதான். எழுதுங்கள் என்றால், ஒன்றும் நடக்கவில்லையே, எதை எழுதுவது என்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதும் தகவல்தான். எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்த சாய்வில், எத்தனை மணிக்கு என்று சேர்த்து எழுதினால் முன்னறிவிப்பாளருக்கு அது ஒரு சான்று. நடக்கும்போது காலடியில் 'வூம்ப்' என்று பனி அமுங்கும் ஒலி கேட்டதா, ஸ்னோஷூவிலிருந்து விரிசல் ஓடியதா, எதிர்மலையில் பனிச்சரிவு தெரிந்ததா என்பதை மறக்காமல் எழுதுங்கள். சரிவைக் கண்டால், அது உடைந்த விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் அண்மையில் நடந்தது. காற்றில் மழுங்கி, புதுப்பனி மூடியிருந்தால் பழையது. அந்த ஒரு வரி பெரிய உதவி.

சனி, ஞாயிறுகளில் பதிவுகள் குவிகின்றன. வார நாட்களில் குறைந்துவிடுகின்றன. நம்மிடையே செவிலியர், டாக்சி ஓட்டுநர், கிடங்கில் மாற்றுநேரப் பணி செய்பவர் என்று செவ்வாயிலும் புதனிலும் ஓய்வு கிடைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் பதிவுக்கு மதிப்பு அதிகம். சென்ற பிப்ரவரியில் ஒரு மூத்த உறுப்பினர், இரவுப்பணி முடிந்த மறுநாள் மலைக்குச் சென்று, தான் கண்ட ஒரு சரிவை நான்கே வரிகளில் பதிந்திருந்தார். இடம், உயரம், திசை, தாம் திரும்பி வந்ததற்கான காரணம் எல்லாம் அதில் இருந்தன. அதுபோல எழுதினால் போதும். ஐயா இங்கே அமர்ந்திருக்கிறார். சங்கத்தின் சார்பில் அவருக்கு நன்றி.

மீட்புப் பயிற்சி ஊருக்குள் பூங்காவிலும் மலையிலும் நடந்தது. புதையுண்டவரைச் சிக்னலால் தேட உதவும் டிரான்சீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் புரோப் கம்பி, ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தால்தான் பனிக்கால நடையில் சேர்ப்போம் என்ற விதி தொடர்கிறது. புதையுண்டவருக்கு முதல் பத்து நிமிடங்களே நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு அது வேகமாகச் சரிகிறது. செஸ்டர் ஏரிக்குச் செல்லும் ஸ்மித் டோரியன் சாலையில் கைபேசி சிக்னலே கிடையாது என்பதை நினைத்தால், உடன் வந்தவர்களே மீட்பர்கள் என்பது விளங்கும். பயிற்சியில் நான் கவனித்தது: கருவியால் தேடுவதில் எல்லோரும் தேறிவிட்டார்கள், தோண்டுவதில்தான் நேரம் போகிறது. கம்பி ஆளைத் தொட்ட இடத்தில் நேர் மேலே நின்று தோண்டக் கூடாது. சாய்வின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, பக்கவாட்டில் உள்ளே குடைந்து போக வேண்டும். தேடும்போது கைபேசியையும் பேட்டரியால் சூடேறும் கையுறைகளையும் டிரான்சீவரிலிருந்து அரை மீட்டராவது விலக்கி வையுங்கள். அவை சிக்னலைக் குழப்பும். கருவியெல்லாம் இருந்தாலும், கனடாவில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மரத்திலும் பாறையிலும் மோதியே இறக்கிறார் என்பதையும் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

வரும் பனிக்காலத்துக்காக ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். பனிக்கால நடைக்குத் தலைமை ஏற்பவர், நடை நிறைவேறினாலும் பாதியில் திரும்பினாலும், அன்றிரவே பொதுப் பதிவேட்டில் தமது அவதானிப்பைப் பதிய வேண்டும். சங்கத்திடம் இரவலுக்கு இருக்கும் பழைய ஒற்றை ஆன்டெனா டிரான்சீவர்களை விலக்கி, மூன்று ஆன்டெனா கொண்டவற்றை வாங்க வேண்டும். நடைத் தலைவர்களின் பயிற்சிக் கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். இதற்கு இடமிருக்கிறதா என்பதைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார். வழிமொழிய விரும்புபவர் கையுயர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கால்கரி