இன்கோனல் வேலை ராணிப்பேட்டைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்றைய விமான இன்ஜின்களில் டர்பைனுக்குள் பாயும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே சுழலும் நிக்கல் கலவை பிளேடோ 1,350 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். பிளேடுக்குள் ஓடும் காற்றும் மேலே பூசிய செராமிக் பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த இன்ஜின் இன்னும் சூடாக ஓட வேண்டும். ஆகவே இன்கோனல் போன்ற நிக்கல் கலவைகளின் தேவை குறையப் போவதில்லை.

விமான, ராணுவத் தளவாடத் தொழில்களுக்கான தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி இருக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை இல்லை. கொதிகலன் பாகங்கள் செய்து கைதேர்ந்தவர்கள் வாழும் ஊர் எங்கள் ராணிப்பேட்டை. மனம் வலிக்கிறது.

ஆனால் இரும்பில் பழகிய கை மட்டும் போதாது. இன்கோனல் 718 என்ற வகையை கார்பைடு (மிகக் கடினமான வெட்டுமுனை) டூலில் நிமிடத்துக்கு 30 முதல் 40 மீட்டர் வேகத்தில்தான் கடைய முடியும். பயந்து ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் அளவை, குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், மேற்பரப்பு இறுகும், அடுத்த வெட்டில் டூல் முனை உடைந்து உதிர்ந்துவிடும். சூடும் சீவலோடு போகாமல் முனையிலேயே தங்கும், கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) அங்கேயே அழுத்தமாகப் பாய வேண்டும். பிறகு 720 டிகிரியில் 8 மணி நேரம், மெல்ல 620-க்கு இறக்கி மீண்டும் 8 மணி நேரம் உலையில் இருந்தால்தான் வலிமை வரும். சீவலை இரும்போடு கலந்தால் நிக்கலுக்கு உரிய விலை போச்சு.

இதற்கான வெற்றிட உலையை (காற்றை அகற்றிச் சூடாக்கும் உலை) சிறு பட்டறைகள் தனியாக வாங்க இயலாது. சிப்காட் வளாகத்தில் பொது உலையும், உள்ளே விரிசல் உண்டா என்று ஒலியலையால் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனைக் கூடமும் அரசு அமைக்க வேண்டும். ஐடிஐ பயிற்சியில் இன்கோனல், டைட்டானியம் கடைசலையும் சேர்க்க வேண்டும்.

– கடைசல் பட்டறையினர், ராணிப்பேட்டை