கினிப்பன்றிகளைப் பொறுப்பெடுத்த மட்டக்களப்பு, கல்லடித் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

வெளிநாடு போகிற குடும்பமொன்றின் இரண்டு கினிப்பன்றிகளை, நல்ல வீடு அமையும் மட்டும் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டோடு கொண்டுவந்து தரும்போது, "ரெண்டும் பொட்டைதான், சரியான சாது, கரட்டும் தண்ணியும் வெச்சாக் காணும்" என்பார்கள். இதில் சாது என்பதை மட்டும் நம்பலாம். மற்ற இரண்டையும் நீங்களேதான் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள். கேக் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது. அதன்மேல் ஒரு பேசினை வைத்துப் பூச்சியமாக்கி, உள்ளே நாலு கொத்தமல்லி இலை போட்டுப் பிராணியை இறக்கினால், சப்பிக்கொண்டு ஆடாமல் நிற்கும். எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். முதல் இரண்டு கிழமையும் தினமும், விடிய முதல் தீனி வைப்பதற்கு முன். பிறகு கிழமைக்கு ஒருதரம்.

ஏன் இந்தக் கரைச்சல் என்றால், கினிப்பன்றி பிற மிருகங்களுக்கு இரையாகிப் பழகிய சாதி. சுகமில்லை என்பதை வெளியே காட்டாது. மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் குந்தியிருப்பதை நீங்கள் காணும்போது நோய் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும். எடை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். வளர்ந்தது 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். 30 கிராம் ஏறி இறங்குவது சும்மா, தின்றதும் பெய்ததும்தான். 60 கிராம் குறைந்தால் பல்லையும் புழுக்கையையும் கவனியுங்கள். 90 என்றால் மிருக வைத்தியர். 100ஐத் தாண்டினால் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

குடல் ஓயாமல் ஓட வேண்டிய பிராணி இது. அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே குடல் மந்தமாகி வாயு கட்டும். வைத்தியரிடம் போகும் வரை, பெலட் என்று கடையில் விற்கும் கட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிறிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் அளவு, ஐந்தாறு தடவையாகப் பிரித்து. மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மடியில் குந்தவைத்தே கொடுக்க வேண்டும். வயிறு பந்துபோல ஊதித் தட்டினால் மேளம்போலக் கேட்டால் கூழையும் நிறுத்திவிட்டு உடனே கொண்டுபோங்கள்.

இனி அந்த "ரெண்டும் பொட்டை" விஷயம். வயிற்றைப் பார்த்தபடி பிடித்து, பின்பக்கத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு ஆங்கில 'வை' எழுத்துப்போலப் பிளவு தெரியும். ஆணுக்கு ஒரு புள்ளி. அதற்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் குறி வெளியே வரும். குட்டிகளில் கண் ஏமாறும், அழுத்திப் பார்ப்பதே நிச்சயம். ஆண் இருந்தால் அன்றைக்கே வேறு கூடு. பிறகு அந்தப் பெண்ணைப் பத்துக் கிழமைக்கு மேலாகவே சினைப்பட்டதாக நினைத்து நடத்துங்கள், ஏனென்றால் சினைக்காலம் 59 முதல் 72 நாள்.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, குட்டி போட்ட சில மணித்தியாலத்திலேயே தாய் மறுபடி சினைப்படும். ஆணை அதற்கு முன்பே பிரிக்காவிட்டால் ஓய்வே இல்லை. மற்றது, ஏழெட்டு மாதம் வரை ஒருதரமும் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் முன்பொருத்து இறுகிவிடும்; பிறகு முதன்முறை சினைப்பட்டால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் சேர்ந்து போகலாம். அறுவைச் சிகிச்சைதான் வழி, அதை இந்தச் சின்ன உடம்பில் செய்து பழகிய கை எல்லா இடத்திலும் கிடைக்காது. "ஒருக்காக் குட்டி போடட்டுமே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று யார் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சினையாக வந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. குட்டிகள் மயிரோடு, கண் திறந்தபடி, பல்லோடு பிறக்கும். ஒவ்வொன்றும் 60 முதல் 110 கிராம். மறுநாளே தாயின் தட்டில் இலையைக் கொறிக்கும், அந்தக் காட்சிக்கு நிகரில்லை. ஆனால் 21ஆம் நாள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தே ஆகவேண்டும். பால் மறக்கட்டும் என்று இன்னொரு கிழமை விட்டுவைப்பதில்தான் இரண்டு எட்டாகிறது.

தீனியில் முக்கால்வாசி புல். நம்மூர் வீதியோரமெல்லாம் நிற்கும் கினியாப் புல் அருமையானது. (பெயர் ஒன்றானாலும் ஊர் ஒன்றல்ல: புல் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, பிராணி தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காரன்.) மாடு வளர்ப்பவர்கள் நட்டிருக்கும் சி.ஓ.3 புல்லும் சரி. முற்றின தண்டைத் தவிர்த்து இளம் இலையாக வெட்டுங்கள். வயல் வரம்புப் புல் மட்டும் வேண்டாம். அம்பாறைப் பக்கமும் படுவான்கரையிலும் பெரும்போகம் தொடங்கினால் களைநாசினி அடிக்காத வரம்பைக் காண்பது கஷ்டம், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நாய் பெய்யும் இடத்துப் புல்லும் வேண்டாம். பச்சைப் புல் தின்று பழகாததற்கு முதல் நாள் ஒரு கைப்பிடி, ஒரு கிழமையில் வேண்டியமட்டும். வெட்டிச் சாக்கில் கட்டிவைத்துச் சூடேறின புல்லைப் போட்டால் வயிறு ஊதும்.

மாரிக்கு முன்னால், ஆவணி வெயிலில், பூக்காத புல்லை வெட்டி இரண்டு நாள் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். கையில் எடுத்தால் சரசரக்க வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும். சாக்கில் போட்டு நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள். பூஞ்சண வாடை வந்தால் முழுச் சாக்கையும் வீசிவிடலாம். வைக்கோல் இங்கே சும்மா கிடைக்கிறது என்பதற்காக அதைத் தீனியாக்க வேண்டாம். சத்தில்லை, கூர் கண்ணில் குத்தும்.

கரட் இனிப்புப் பண்டம், கிழமைக்கு இரண்டு துண்டு போதும். உண்மையில் தினமும் தேவைப்படுவது வைட்டமின் சி. மனிதனைப்போலவே இதன் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சினையானதற்கு மேல் அளவு. கறிமிளகாய் ஒன்றில் பாதியோ, விரல் தடிப்பில் கொய்யாப்பழத் துண்டு ஒன்றோ கொடுத்தால் ஒன்றுக்கு ஒரு நாள் கணக்குச் சரி. பார்மசியில் விற்கும் 100 மில்லிகிராம் வைட்டமின் சி குளிசையில் கால்வாசியும் கொடுக்கலாம். பல வைட்டமின் கலந்த குளிசை கூடாது. தண்ணீரில் கரைத்து வைப்பதும் வீண். இந்த வெக்கையில் சத்து அழிந்துபோகும், ருசி மாறினதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். குறைபாடு வந்தால் நொண்டும், மூட்டு வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும். கடையில் முயல் பெலட்டைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். பார்க்க ஒன்றுதான், முயலுக்கு வைட்டமின் சி தேவையில்லை என்பதால் அதில் சேர்ப்பதில்லை. கோழித்தீன் அதைவிட மோசம்.

முருங்கை இலையில் சி இருக்கிறது, அதோடு கல்சியமும் நிறைய. தினமும் போட்டால் சலப்பையில் கல் வரும். பசளி, தண்டுக்கீரைக்கும் அதே எச்சரிக்கை. கிழமைக்கு இரண்டு தரம் ஒரு நெட்டு. கொத்தமல்லி, சலாது, கொஞ்சம் வல்லாரை தினமும் போகலாம். லீக்ஸ், வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, சோறு, பாண் எதுவும் கூட்டுக்குள் போகக்கூடாது. கொய்யா நல்லது, பட்டர் புரூட் என்கிற ஆனைக்கொய்யா நஞ்சு. வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், பெயரைக் கேட்டு மயங்கிவிடுவார்கள்.

மலைக்காரன் என்றேனே, அங்கேதான் நம் ஊரின் பெரிய பிரச்சினை. இதற்குச் சுகமான வெப்பநிலை 18 முதல் 24 பாகை. 27ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சீற் கூரை வீட்டில் மதியம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கூடு நிலத்தில், சீமெந்தோ டைல்ஸோ போட்ட, வெயில் படாத அறையில் இருக்கட்டும். ஒரு போத்தல் தண்ணீரை உறையவைத்துத் துவாயில் சுற்றி ஒரு மூலையில் போடுங்கள், வேண்டுமானால் வந்து சாயும். வாய் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்து வைத்தால் அதைவிட நல்ல குளிரறை கிடையாது. கரண்ட் போனால் மின்விசிறியும் போகும் என்பதால் உறைந்த போத்தல் எப்போதும் இரண்டு மூன்று தயாராக இருக்க வேண்டும். நீட்டிப் படுத்து, வாயோரம் நனைந்து, வேகமாக மூச்சு வாங்கினால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

மாரியில் கதை தலைகீழ். துணி காயாது, கூடு ஈரிக்கும், மூத்திர வாடை கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். அப்போது பத்திரிகைத் தாளைத் தடிப்பாக விரித்துத் தினமும் மாற்றுவது சுலபம். மரத்தூளின் தூசி மூக்கில் ஏறும், வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர் இது. மூடியுள்ள காற்றோட்டமான பிளாஸ்டிக் கூடை ஒன்றை முதலே வாங்கிவைத்தால் அவசரத்துக்குத் தேட வேண்டியிராது.

கூடு இரண்டுக்கும் சேர்த்து நாலடிக்கு இரண்டரையடியாவது வேண்டும். அடிப்பாகம் கம்பிவலையாக இருந்தால் பலகை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். இரண்டு வாசலுள்ள ஒளிவிடம் ஆளுக்கொன்று. ஒரு வாசல் என்றால் பலசாலி மறித்துக்கொண்டு நிற்கும். பூனை, கீரி, சாரைப்பாம்புக்கு மேல்மூடி. முயலோடு ஒரே கூட்டில் விட வேண்டாம்: முயலுக்கு ஒன்றும் செய்யாத போடெடெல்லா கிருமி இதற்கு நியூமோனியாவைத் தரும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின். இந்த மூன்று கிருமிகொல்லி மருந்தும் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழிக்க, நச்சுக் கிருமி பெருகிச் சில நாளில் ஆளை முடித்துவிடும். நாய், மாடு அதிகம் பார்க்கும் வைத்தியர் பழக்கத்தில் எழுதிவிடக்கூடும். "இதுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது எண்டு கேள்விப்பட்டன் டொக்டர், என்றோபுளொக்சசின் சரிவருமா?" என்று பணிவாகக் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சொறிப் பூச்சிக்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான், ஆனால் மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசிமருந்தில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 800 கிராம் பிராணிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் வருவது 0.032 மில்லிலீற்றர். ஒரு துளியளவு. கண்ணால் அளந்து போட்டவர்கள் பிராணியைப் பறிகொடுக்கிறார்கள். வைத்தியரே அளந்து தரட்டும், 10 முதல் 14 நாளில் திரும்பவும் போட வேண்டும். மூக்கைச் சுற்றி வட்டமாக மயிர் கொட்டிப் பொருக்கு வந்தால் அது படர்தாமரை, உங்களுக்கும் ஒட்டும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

நீங்கள் வைத்திருப்பது தெரிந்ததும் இன்னொருவர் பெட்டியோடு வாசலில் நிற்பார். புதிதாக வருவதைப் பதினான்கு நாளாவது வேறு அறையில் வையுங்கள். முதலில் பழையவற்றுக்குத் தீனி, பிறகுதான் புதியதற்கு.

வாங்க வருகிறவர்களில் ஒன்றை மட்டும் கேட்பவர்கள் அதிகம். மறுத்துவிடுங்கள். இது கூட்டத்தில் வாழும் சாதி; சுவிட்சர்லாந்தில் தனியாக வளர்ப்பதையே 2008இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் வாழும் என்பதையும் சொல்லுங்கள், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கென்று வாங்குகிறவர் அந்தப் பிள்ளை ஓ.எல். எழுதும் வருடத்தையும் யோசிக்கட்டும். பன்றி என்ற பெயரைக் கேட்டு யாராவது தயங்கினால், இது எலி, அணில் வகைக் கொறிணி, பன்றிக்கும் இதற்கும் சொந்தமில்லை என்று விளக்குங்கள்.

சரியாகப் பார்த்தீர்களென்றால் இரண்டாம் கிழமையளவில் ஒரு பின்னேரம், குசினியில் சொப்பிங் பேக் சரசரத்ததும் அறைக்குள்ளிருந்து 'வீக், வீக்' என்று விசில் கிளம்பும். சிலவேளை நின்ற இடத்திலேயே நாலு காலும் மேலே போகத் துள்ளும், அது சந்தோஷம். அதற்குப் பிறகு கொடுக்க மனம் வராது; வருகிறவர் நல்லவர் என்றால் இன்னும் கஷ்டம், காரணம் சொல்லி மறுக்க முடியாது. கொடுக்கிற அன்று, கழுவாத பழைய விரிப்புத் துணி ஒன்றையும் மூன்று நாளைக்குப் போதுமான புல்லையும் பெலட்டையும் கூடவே அனுப்புங்கள். வாடை மாறாமல் இருந்தால் புது இடத்தில் தின்னத் தொடங்கும். எடை எழுதின கொப்பியையும் கொடுங்கள், கடைசி வரியில் அன்றைய விடியற்கால எடை இருக்கட்டும்.

அன்புடன்.