வகுப்பறையா, ஆய்வகமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்திருப்பதையும், அதை ஏற்றால் ஆராய்ச்சி கைவிட்டுப் போய்விடுமோ என்று நீ அஞ்சுவதையும் தொலைபேசியில் சொன்னபோது, உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்தே காலத்தைச் செலவிட்டவள் நான். என் தொழிலின் மீதுள்ள பற்றையே உனக்கு அறிவுரையாகத் தந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நிதானமாக யோசித்து எழுதுகிறேன்.

ஒளியியலில் முனைவர் பட்டம் வரை உன்னைக் கொண்டுவந்தது மதிப்பெண் அல்ல என்பது எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் ஆச்சி வீட்டு வேப்பமரத்தடியில் விழும் வெளிச்சப் பொட்டுகளைக் காட்டி, "இலைக்கு நடுவே இருக்கும் சந்துகளெல்லாம் கோணல்மாணலாக இருக்கின்றன, தரையில் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது?" என்று நீ கேட்டாய். பதிலை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் 2010 ஜனவரி 15 அன்று, பொங்கலுக்கு மறுநாள், கங்கண சூரிய கிரகணம் தூத்துக்குடியைக் கடந்துபோக இருந்ததால், அதுவரை பொறுக்கச் சொன்னேன். அன்று நண்பகலில் தரையில் கிடந்த வட்டங்கள் எல்லாம் பிறைகளாக மாறி, உச்ச நேரத்தில் வளையங்களாகின. அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதையும், துளை போதிய அளவு சிறியதாக இருந்தால் அதன் வடிவம் ஒரு பொருட்டில்லை என்பதையும் நான் வாய் திறப்பதற்குள் நீயே சொல்லிவிட்டாய். சொன்ன கையோடு தெருப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிவந்து, அட்டையில் ஊசியால் துளை போட்டு, அவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தாய். கண்டுபிடிப்பதும் காட்டிக்கொடுப்பதும் அன்றைக்கு உனக்கு ஒரே காரியமாகத்தான் இருந்தன. இன்று அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீ நினைப்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

இதற்கு நான் நம்பிச் சொல்லக்கூடிய சான்று இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கை. 1898 டிசம்பரில் வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். படிப்பு முடிந்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைகளை விளக்கும் பணியில் சேர்ந்த அவர், மதிய உணவு இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து, இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்க விட்டார். பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த அந்தப் பேச்சைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். கல்கத்தாவுக்குப் போய் சி. வி. ராமனிடம் சேரும் முன்பே கேள்விகளுக்கு நடுவே வாழப் பழகியிருந்த மனிதர் அவர்.

ராமனிடமும் இதே இயல்பைக் காண்கிறேன். 1917-இல் நிதித்துறை அதிகாரிப் பதவியை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். ஆராய்ச்சிக்கு இடையூறாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்று நியமன விதி அவருக்கு விலக்கு அளித்திருந்தும் அவர் பாடம் நடத்தினார். 1921-இல் கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் எழுப்பிய கேள்வியை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கேள்வி விடையை அடைய ஏழு ஆண்டுகள் ஆயின என்பதையும், அவ்வளவு காலமும் அதைச் சுமந்தவர்கள் அவருடைய மாணவர்கள் என்பதையும் அதிகம் பேர் சொல்வதில்லை. 1923-இல் கே. ஆர். ராமநாதன் நீரில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மங்கிய ஒளி எஞ்சி நின்றது. மாசுதான் காரணம் என்று கருதித் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தியும் அது போகவில்லை. 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் மறுபடி அதைக் கையில் எடுத்தார். 7ஆம் தேதி இரவு ஒன்பது மணி அளவில் பேராசிரியர் திடீரென்று தம் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டதையும், அன்று காலையில் பார்த்ததன் பொருள் பிடிபட்டுவிட்ட பரபரப்பில் அவர் இருந்ததையும் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கண்டதை விடியும்வரை தனக்குள் வைத்திருக்க முடியாமல் மாணவனைத் தேடி வந்த அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அதே மாதம் 28ஆம் தேதி, சிதறிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் புதிய கோடுகள் தனித்துத் தெரிந்தன. ராமன் விளைவு என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்த ஆண்டின் இறுதியிலேயே கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கப் போனார். புகழின் நடுவிலிருந்து வகுப்பறைக்குப் போனதால் அவருடைய ஆராய்ச்சி அடங்கிவிடவில்லை. படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தினிடையே தொங்கவிட்டு, திசைக்குத் திசை அதன் காந்தப் பண்பு எவ்வாறு மாறுகிறது என்று அளக்கும் முறைகளை அவரும் இளைய ஆய்வாளர்களும் அங்கேதான் உருவாக்கினார்கள். பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

கல்லூரி வேலையின் கடினத்தை நான் மறைக்கவில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கிறது. விடைத்தாள் திருத்தமும் அலுவல் கோப்புகளும் அதற்கு மேல். முதல் இரண்டு ஆண்டுகளில் உன் ஆய்வு மெதுவாகத்தான் நகரும். ஆனாலும், ஆண்டுதோறும் புதிதாக வந்து உட்காரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் நீ முடிந்துபோனதாக நினைக்கும் ஒன்றை விளக்கப் போய், அது உனக்கே முழுதாக விளங்கவில்லை என்று அறியும் வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் இவ்வளவு அடிக்கடி கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். உன் தலைமுறையில் அளக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பொறுமையாகக் காட்டிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தை விசாரிப்பதோடு நில்லாமல், இளநிலை மாணவர்களின் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேள். நிறமாலைமானிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றனவா, மேசையில் மாணவர் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார். செய்முறைத் தேர்வுக்கு வெளியே மாணவர்கள் அங்கே வர அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் கேள். அங்கே உனக்கு ஓர் இருட்டறையும் சனிக்கிழமைப் பிற்பகல்களும் கிடைக்கும் என்று தெரிந்தால், தயங்காமல் சேர்ந்துவிடு. கிடைக்காது என்று தெரிந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடு. வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், அப்பாவும் அதையே சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா