கூட்டலில் விடுபட்ட ஒன்பது

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு நடக்கிறது.

என் அக்கா பேத்திக்குப் பிளஸ் டூ இயற்பியலில் 81 வந்தது. மற்ற பாடங்கள் எல்லாம் 90-க்கு மேல். முடிவு வந்த அன்று அவள் அழக்கூட இல்லை. "ஐந்து மதிப்பெண் வினா ஐந்தும் எழுதினேன் தாத்தா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார்களாக இருந்த நாளில் எத்தனை பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம் இதை! நானும் நம்பவில்லை. அவள் அப்பாதான் விடாமல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தார்.

நகலை அச்செடுத்துத் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கம் பக்கமாகக் கூட்டினேன். கடைசி இரண்டு நெடுவினாக்களுக்கும் திருத்தியவர் உள்ளே மதிப்பெண் போட்டிருக்கிறார், ஐந்தும் நான்கும். முகப்புத் தாளில் அந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. ஒன்பது மதிப்பெண், சேது! மூன்று முறை கூட்டியும் எனக்குக் கை நடுங்கியது. மறுகூட்டலுக்குப் போட்டு நேற்று முடிவு வந்தது: 90. பொறியியல் கட்-ஆஃபில் இயற்பியல் பாதியாகத்தானே சேரும். அதிலேயே நாலரை கூடிவிட்டது. அரை மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நேற்று வீட்டில் பாயசம்.

எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை.

அந்த மதியம் உனக்கு நினைவிருக்கிறதா? விடைத்தாள் திருத்தும் முகாமில் பிற்பகல் கட்டு, சித்திரை வெயில், மின்விசிறி நின்றுபோயிருந்தது. மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்க நான் பறந்துகொண்டிருந்தேன். முதன்மைத் தேர்வாளராக இருந்த நீ என் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கூட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டாய். "பார்த்தேன்" என்றேன். கடைசி நான்கு தாள்களை நான் கூட்டிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றுதான் உன்னிடம் சொல்கிறேன். கால் மதிப்பெண் சேது என்று முகாமே உன்னைக் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நான்கு பிள்ளைகளும் இப்போது எங்கே இருக்கிறார்களோ. நகல் கேட்க அவர்களுக்கு வழியும் இல்லை.

2007-இல் தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவ நுழைவுத்தேர்வை நீக்கியபோது கும்பகோணம் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நாம் சண்டை போட்டோமே, அதில் நான் இன்னும் மாறவில்லை. தனிப்பயிற்சி வாங்கக் காசுள்ளவனுக்கே அந்தத் தேர்வு சாதகம் என்றேன். நீ வழக்கம்போல் ராமானுஜனை இழுத்தாய்: நம் கும்பகோணம் கல்லூரியிலேயே ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தவர், கூட்டு மதிப்பெண்ணால் ஒரு மனிதனை அளக்க முடியுமா என்று. உன் கேள்வி சரி. ஆனால் அதற்கு நுழைவுத்தேர்வு பதில் இல்லை. 2017-இல் நீட் வந்ததும், இயந்திரம் திருத்தினால் பாரபட்சம் இருக்காது என்று எழுதினாய். அடுத்த ஆண்டே தமிழில் எழுதியவர்களின் தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழை என்று வழக்கு வந்தது. மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இயந்திரத்துக்கு முன்னால் வினாவை எழுதுவதும் மனிதன்தானே!

இதைவிட என்னை உலுக்கியது வேறு. எங்கள் தெருக்கோடியில் நடவுக்குப் போகும் ஓர் அம்மாவின் மகன், அரசுப் பள்ளி, கெட்டிக்காரன். வேதியியலில் மட்டும் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. நகல் வாங்கினாயா என்று நேற்று கேட்டேன். "வந்த மதிப்பெண் வந்ததுதானே சார்" என்றான். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், அதற்கும் சில நாள்கள்தான் அவகாசம், அது முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன. அவன் தாளிலும் ஒரு வெற்றுக் கட்டம் இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியது பெரிய காரியம், நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஒதுக்கீட்டு வரிசையிலும் அவன் நிற்கும் இடத்தை இந்த மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. ஐயமுள்ளவன் பணம் கட்டிக் கேட்கட்டும் என்பது என்ன நீதி? ஒவ்வொரு தாளையும் இன்னொருவர் கூட்டிக் கையெழுத்திட்ட பிறகே முகாமை விட்டு அனுப்ப வேண்டும். கூர்ந்தாய்வு என்ற பெயரில் அது இருக்கத்தான் இருக்கிறது. நாம் செய்த வேகத்தில் செய்தால் இருந்தென்ன?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அடுத்த மே மாதம் முடிவு வந்த நாள் முதல் விண்ணப்பக் கெடு முடியும்வரை என் திண்ணையில் உட்காரப்போகிறேன். நம் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் ஐயம் என்று சொல்லும் பிள்ளை யாராக இருந்தாலும் நகல் கட்டணம் என் ஓய்வூதியத்திலிருந்து. கூட்டுவதற்கு நான் ஒருவன் போதாது. கணிதமும் இயற்பியலும் நான் பார்த்துக்கொள்வேன். வேதியியலுக்கு நீதான் வேண்டும். கோயம்புத்தூரில் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேலையை மருமகளிடம் பத்து நாள் ஒப்படைத்துவிட்டு வா. மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன். உன் மூக்குக்கண்ணாடியை மறக்காதே, போன முறை என்னுடையதை வாங்கிக்கொண்டு திரும்பத் தரவே இல்லை.

வருகிறாயா என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
கணேசன்