அடிக்காமல் விட்ட ஆணி

கல்லிடைக்குறிச்சி
ஜூன் 3, 2025

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மூத்தவள் ஆறாம் வகுப்புக்கும் சின்னவன் நாலாம் வகுப்புக்கும் போய்விட்டார்கள். வாசலில் நின்று அவர்களை அனுப்பிவைத்தது அவர்களுடைய அப்பா. முன்வாசல் திண்ணையான தார்சாவின் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் நின்றார். இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது. ஏப்ரலிலிருந்து எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூடவே இருந்தவர்கள் நீங்கள். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பும் இல்லை, அவசியமும் இல்லை.

ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி நேரில் சொல்ல வேண்டிய நன்றி இது. இவரைத் தனியாக விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் நகர முடியாது. அதனால்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் இதில் போடவில்லை. போடக்கூடாது என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். அதோடு, யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதே எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த 42 நாளும் இங்கே வீடு எப்படி ஓடியது என்பதை அத்தையும் பிள்ளைகளும் துண்டு துண்டாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி சாப்பிடும்போதுகூட சின்னவன் புதிதாக ஒன்று சொன்னான். பால்கார அண்ணாச்சி தினமும் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு, கணக்கு நோட்டில் பழைய அளவையே எழுதிவந்தாராம்.

பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்றைக்குத்தான் எங்களுக்கு அப்படி ஆனது. இவர் வருஷா வருஷம் லீவு தொடங்கும்போது, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போக வேண்டிய இடங்களை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுப்பார். இந்த வருஷத் தாளில் மூன்று ஊர் இருந்தது. கூந்தன்குளம், திருநெல்வேலி அறிவியல் மையம், குற்றாலம். மூத்தவள் அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள். யாரிடமும் காட்டக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவன் இரண்டே நாளில் என் தம்பியிடம் காட்டிவிட்டான். அப்புறம் அந்தத் தாளை நீங்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டீர்கள்.

கூந்தன்குளத்துக்கு என் தம்பி கூட்டிப்போனான். அந்த ஊரில் வீட்டுப் புறவாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருக்கும். தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்த்துக்கொள்வதுபோல ஊரே அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்கு மீன் கொடுத்து வளர்த்த கதையை யாரோ ஒரு ஆச்சி பிள்ளைகளுக்குச் சொன்னாராம். அன்று ராத்திரி மூத்தவள் போனில் என்னிடம் அரை மணி நேரம் நாரைக் குஞ்சைப் பற்றியே பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் அவள் பேசிய முதல் போன் அதுதான். நான் வராந்தாவில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்காமல் அழுதேன்.

கொக்கிரகுளத்து அறிவியல் மையத்துக்கு இவருடைய கூட்டாளி ஒருவர் கூட்டிப்போனார். அந்தப் பக்கம் போனால் தாமிரபரணிப் பாலத்தில் இறங்கி நின்று, 1843இல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டிய கதையை இவர் சொல்லாமல் விட மாட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். "தெரியும்ப்பா, தெரியும்ப்பா" என்று மூத்தவள் காதைப் பொத்திக்கொள்வாள். இந்தத் தடவை அவளே பாலத்தில் நின்று, தம்பிக்கும் அந்த மாமாவுக்கும் ஒரு வரி விடாமல் சொன்னாளாம். மாமா அதைப் போனில் எடுத்து அனுப்பினார். இவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடச் சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

குற்றாலத்துக்குப் பக்கத்து வீட்டு மதினி செங்கோட்டை ரயிலில் தென்காசிவரை கூட்டிப்போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டு மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டதல்லவா. இவர்கள் போன அன்றைக்கு அருவியில் தண்ணீர் பேயாக விழுந்தது, குளிக்க விடவில்லை. தூர நின்று பார்த்துவிட்டு, முகமெல்லாம் சாரல் பட்டு, நேந்திரங்காய் சிப்ஸோடு திரும்பி வந்தார்கள். அப்பாவோடு வந்து குளித்துக்கொள்ளலாம் என்று சின்னவன் சொன்னானாம்.

வீட்டு வேலைகளும் பாதியில் கிடந்தன. ஒழுகிக்கொண்டிருந்த மொட்டைமாடித் தட்டட்டியைக் கொத்திப் பூசியவர்கள், வீட்டின் கூடமான பட்டாசலுக்கு வெள்ளையடித்தவர்கள், கிணற்றில் இறங்கித் தூர் எடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. அத்தைக்குத் துணையாக ராத்திரி படுத்துக்கொண்ட எதிர்வீட்டு ஆச்சிக்கும், நான் ஊருக்கு வந்த அந்த ஒரு நாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து மூடி வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போன அக்காவுக்கும், மூத்தவளின் மாற்றுச் சான்றிதழை வாங்கி, புதுப் பள்ளியில் சேர்க்கும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட டீச்சருக்கும், நோட்டு அத்தனைக்கும் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த காலேஜ் பிள்ளைக்கும் நன்றி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனி மடலே எழுதலாம்.

நான் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தது ஆசாரி அண்ணாச்சிக்கு.

அவர் எங்களுக்கு உறவில்லை. பெரிய பழக்கமும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர். புறவாசல் கதவு இறங்கிப்போய்த் தரையில் உரசிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்ய இவருடைய கூட்டாளிகள் கூட்டிவந்த ஆள். அரை நாள் வேலை. முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தார்சாவில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்திருக்கிறார்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் புறவாசல் வேப்பமரம் சாய்ந்தது. இவர் அதை விறகுக்குக் கொடுக்க மனசில்லாமல் மில்லில் கொடுத்து அறுத்து, பலகைக்குப் பலகை இடையில் குச்சி வைத்து, நிழலில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆறப்போட்டிருந்தார். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது மகளுக்கு எழுதுகிற மேசை. அதுதான் இந்த லீவு வேலை என்று அப்பாவும் மகனும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு கால் இழைத்தாகிவிட்டது. மற்ற பலகைகளில் பென்சில் கோடு மட்டும் இருந்தது.

"யாருல இழைச்சது?" என்று அண்ணாச்சி கேட்டாராம்.

"அப்பா."

"நீ என்ன செஞ்ச?"

"உப்புத்தாள் போட்டேன்."

அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வேறு எங்கோ வேலை முடித்துவிட்டு, இழைப்புளியோடு வந்து நின்றிருக்கிறார். அத்தை கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பேரப்பிள்ளைக்கும் எனக்கும் உள்ள கணக்கு" என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் தொடர்ந்து வந்தார். நினைத்திருந்தால் இரண்டே நாளில் தனியாக முடித்திருப்பார். செய்யவில்லை. மரத்தின் வரி ஓடுகிற பக்கமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்று சொல்லிக்கொடுத்து, சின்னவனை உட்காரவைத்து, அவன் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறார்.

கால் உயரம் 30 அங்குலம் என்று இவர் கோடு போட்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அதிகம், அளவில் ஏதோ பிசகு என்று அண்ணாச்சி நினைத்திருக்கிறார். "அக்கா வளந்துருவால்லா, அதான் அப்பா அப்படிப் போட்டாங்க" என்றானாம் சின்னவன். அண்ணாச்சி ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அவுக போட்ட கோட்டுலயே அறுப்போம்" என்று சொன்னார் என அத்தை சொன்னார்கள். மேசை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மூத்தவள் இப்போதைக்கு இரண்டு தலையணை போட்டு உட்காருகிறாள்.

மே நடுவில் ஒரு ராத்திரி, பணம் புரட்டவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஊருக்கு வந்தேன். பட்டாசலில் மேசை நின்றது. தொட்டுப் பார்த்தேன், ஆடியது. குனிந்து பார்த்தால் மூன்று காலுக்கும் மூங்கில் ஆணி இறக்கி முடித்திருந்தது. நாலாவது காலைத் துளையில் செருகி, கயிற்றால் கட்டி மட்டும் வைத்திருந்தது. சீவிய மூங்கில் ஆணி ஒன்று அந்தக் காலிலேயே நூலில் தொங்கியது.

அன்றைக்கு நான் இருந்த இருப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது நாள் வந்த மனுஷன் ஒரு ஆணியை அடித்துவிட்டுப் போகக் கூடாதா? ராத்திரி எட்டரை மணி என்றுகூடப் பார்க்காமல் போன் செய்துவிட்டேன். என் குரலில் அந்தக் கோபம் இருந்திருக்கும். அண்ணாச்சி, அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அது அவுக அடிக்க வேண்டிய ஆணி தாயி. நாம தொடக் கூடாது. வீட்டுல ஒரு வேலை மிச்சம் கெடக்குன்னு அவுககிட்டப் போயிச் சொல்லு."

விடியற்காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். இவரிடம் சொன்னேன். அந்த நாட்களில் இவர் எதையும் கேட்பதில்லை. சாப்பாடு கொடுத்தால் வாயைத் திறப்பார், திருப்பினால் திரும்புவார், மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். ஆணி விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, "எந்தக் கால்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்குப் போன் செய்து சின்னவனிடம் கேட்டு, சன்னல் பக்கத்து வலது கால் என்று சொன்னேன். இவர் தன் வலது கையைத் தூக்கப் பார்த்தார். அன்று மதியம், பயிற்சி கொடுக்க வருகிற தம்பி வைத்துவிட்டுப் போன ரப்பர் பந்தை, யாரும் சொல்லாமல் தானாகவே எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். டாக்டர்களும் நர்ஸ்களும் செய்ததையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இவர் இல்லை. ஆனால் எழுந்து வர வேண்டும் என்று இவருக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

ஒன்றை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் ஓடி ஓடிச் செய்தபோது எனக்கு நன்றியோடு ஒரு பயமும் இருந்தது. தட்டட்டி ஒழுகவில்லை, கிணறு சுத்தம், பிள்ளைகள் ஊர் சுற்றி வந்துவிட்டார்கள், பள்ளிக்கூட வேலையும் முடிந்தது. இவர் இல்லாமலே வீடு நடக்கப் பழகிவிடுமோ என்று ராத்திரி தூக்கம் வராது. இவருக்கும் அந்த எண்ணம்தான் உள்ளே ஓடியிருக்க வேண்டும், கேட்டதில்லை. நீங்கள் செய்தது தப்பென்று சொல்லவில்லை. செய்யாமல் விட்டிருந்தால் நாங்கள் மூழ்கியிருப்போம். ஆனால் யாருக்கும் சொல்லாத அந்தப் பயத்துக்கு மருந்து, ஒரு விரல் நீள மூங்கில் குச்சியாக எங்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மே 29, வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தோம். வந்ததும் படுக்கச் சொன்னோம். கேட்கவில்லை. தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார். மூத்தவள் மேசையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் காலைப் பிடித்துக்கொண்டான். மரச் சுத்தியலான கொட்டாப்புளியை வலது கையில் கொடுத்து, என் கையையும் மேலே வைக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். முதல் அடி தவறிச் சட்டத்தில் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஆறோ ஏழோ அடி. ஆணி உட்கார்ந்துவிட்டது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். சின்னவன் மட்டும் மேசையை நிமிர்த்தி, நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடலை" என்றான்.

இனிமேல் ஒரு வீட்டில் கஷ்டம் என்று உதவப் போனால், கிடக்கிற வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு முடித்துவிட மாட்டேன். அந்த வீட்டு ஆளுக்கென்று எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். இதை என் பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, அன்றைக்கு உங்களையும் கூப்பிட்டோம். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். வேண்டுமென்றேதான் வராமல் இருந்தீர்கள் என்று இவர் சொல்கிறார். சரி, இப்போதாவது வாருங்கள். உங்கள் கூலி அப்படியே இருக்கிறது. பேரப்பிள்ளைக் கணக்கு என்றால் அவன் கையால்தான் தருவான், நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொதி வைக்கிறேன். அப்புறம், உங்கள் மூலைமட்டம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சின்னவன் அதைத் துணியில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறான், அக்காவைக்கூடத் தொட விடுவதில்லை. நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போனீர்களா, அவனுக்கென்று வைத்துவிட்டுப் போனீர்களா என்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன் வாசலைப் பார்க்கிறான். வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.